மலைக்கு வேறு முதலுதவிப் பாடம் வேண்டும்

முதலுதவி பற்றித் தமிழில் வருகிற வீடியோக்களையும் துண்டறிக்கைகளையும் பாருங்கள். எல்லாமே பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்ற கணக்கில்தான் இருக்கின்றன. கோவை காந்திபுரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். கோத்தகிரிக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்கோ, மஞ்சூருக்கு அப்பால் இருக்கிற ஹட்டி என்கிற படுகர் ஊருக்கோ, பந்தலூர்ப் பக்கம் யானை இறங்கி நிற்கிற ரோட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற குடியிருப்புக்கோ பொருந்தாது. ஐப்பசி மழையில் ஒரு மரம் விழுந்தால் போதும், எந்த வண்டியும் வராது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது எத்தனை ஊர்கள் தனித்தனித் தீவாக நின்றன என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும்.

108-ஐக் குறை சொல்ல வரவில்லை. 2008-இல் தமிழ்நாட்டில் அது தொடங்குவதற்கு முன்னால் நோயாளியைத் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோன காலத்தைப் பார்த்த வயது எனக்கு. இரவில், பனிமூட்டத்தில், முன்னால் ரோடே தெரியாத வளைவுகளில் அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்திருப்பதும் பெரிய விஷயம், எதற்கெடுத்தாலும் "கீழே கொண்டுபோங்க" என்று கேட்டுக்கேட்டு நொந்துபோனவர்கள் நாம். ஆனால் மருத்துவமனை எவ்வளவு பெரிதானாலும் தூரம் குறையாது. அந்த முதல் அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிக் கொடுக்கிற முதலுதவி. இதயம் நின்றுவிட்டால் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். எதுவும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆளைத் தோளில் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் உடனே தொடங்க வேண்டும். மீனைப் போல வாயைத் திறந்து எப்போதாவது ஒருமுறை இழுப்பது மூச்சு ஆகாது. அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று எல்லோரும் கைகட்டி நிற்பதுதான் அதிகம் நடக்கிறது. கட்டிலில் இருந்தால் தரையில் இறக்கிப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வரவிட்டு அப்புறம் அடுத்தது. பழகாதவர்கள் வாயில் ஊதாமல் அமுக்கினாலே போதும். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு கொடுப்பதும் முக்கியம், அதைப் பயிற்சியில்தான் கற்க முடியும்.

இதைச் சரியாகச் செய்கிறவருக்கு இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். அப்படியானால் ஆம்புலன்ஸ் அரைமணி தள்ளி இருக்கிற ஊரில் ஒரே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? குறைந்தது நான்கைந்து பேர் வேண்டும். அமுக்குவது ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் தக்கவைக்கும், அவ்வளவுதான். பல சமயம் துடிப்பைத் திரும்பக் கொண்டுவர மின் அதிர்ச்சி தேவைப்படும். அதற்கான ஏஇடி கருவி என்ன செய்ய வேண்டும் என்று தானே பேசிச் சொல்லும், டாக்டர் வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், தேயிலை ஃபாக்டரி, பஸ் ஸ்டாண்ட் என்று கூட்டம் சேர்கிற இடங்களில் அது இருக்க வேண்டும். அது இல்லாமல், வண்டியும் தூரத்தில் இருக்கும்போது, சிபிஆர் மட்டும் தெரிந்தால் எல்லோரையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்வது உண்மையாகாது. கற்க வேண்டும்தான். ஆனால் மலையில் அது பாடத்தில் ஒரு பகுதி மட்டுமே. கூடியிருப்பவர்கள் கையாலேயே முழுதாகத் தீர்த்துவிடக்கூடிய ஆபத்துகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

தொண்டையில் அடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்த ஆம்புலன்சும் நேரத்துக்கு வராது, சமவெளியிலும் வராது. இரும முடிகிறவரை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்தால், முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து பலமான தட்டு. போகவில்லையென்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றில் அல்ல, நெஞ்சில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்தம். தண்ணீர் கொடுக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. இது ஒவ்வொரு தாய்க்கும் பாட்டிக்கும் கையோடு பழகியிருக்க வேண்டும்.

ரத்தம் நிறுத்துவதும் அப்படித்தான். கவாத்துக் கத்தி பட்டால், காட்டெருமை முட்டினால், பைக் சறுக்கினால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். சூட்டுக் காயத்துக்குப் பேஸ்ட் தடவாமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குளிரில் கையை வெட்டும் என்பது தெரியும். ஐஸ் போலக் குளிர்ந்தால் கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்ளலாம், மற்ற உடம்பைக் கம்பளியால் மூடிவிட வேண்டும்.

மலைக்கே உரிய இன்னொரு ஆபத்து கரி அடுப்பு. குளிருக்காகக் கரி கணப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாமலே போன செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறங்கள், ஆளை வெளிக்காற்றுக்கு இழுங்கள், நீங்களும் உள்ளே நிற்காதீர்கள். காட்டேஜ் நடத்துகிறவர்கள் விருந்தாளிகளுக்கு இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பாம்பு கடித்தால் கட்டு போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகச் செய்யப்பட்டது. தேயிலைச் செடியில் இருக்கிற குழிவிரியன்களுக்கு அது சரிவர வேலை செய்யாது. அதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, அதுக்கும் சிகிச்சை மருத்துவமனையில்தான்.

நெஞ்சுவலி விஷயத்தில் நம் ஊரில் நடக்கிற ஒன்று எனக்கு ரொம்ப வேதனை. வீடு பள்ளத்தில் இருக்கும், ரோடு மேலே இருக்கும். "மெதுவா நடந்து வாங்க, வண்டி மேல நிக்குது" என்று வலியோடு இருப்பவரை அத்தனை படியும் ஏறவைக்கிறோம். அந்த ஏற்றமே அந்த இதயத்துக்கு எமன். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்க வேண்டும். யார் தூக்குவது, எந்த நாற்காலி, எந்த வழி என்று முன்கூட்டியே ஊரில் பேசி வைக்கலாம். சிக்னல் எங்கே கிடைக்கும், யார் ஓடிப்போய் 108-க்குப் பேசுவது, யார் முக்கில் டார்ச்சோடு நிற்பது என்பதும் அதே பேச்சில் முடிந்துவிடும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கேட்டதில்லை.

யாருக்குக் கற்றுக் கொடுப்பது? கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்த பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு ஊரில் இருப்பது பெரியவர்களும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காமார்களும், அங்கன்வாடி டீச்சரும், ஜீப் ஓட்டுகிற அண்ணன்களும்தான். அவர்களுக்குத்தான் வேண்டும். லைன் வீட்டு முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாள்கூலி போகாத நேரத்தில், பொம்மை வைத்து ஒவ்வொருவரும் கையால் அமுக்கிப் பார்க்கிற மாதிரி. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதாமாதம் எப்படியும் கூடுகின்றன, அதிலேயே திரும்பத் திரும்பச் செய்யலாம். ஒருமுறை கற்றது சில மாதத்தில் மறந்துபோகும், அதனால்தான் திரும்பத் திரும்ப என்கிறேன்.

சட்டம் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நம் பஸ் கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும். நம் மலைப் பாதையில் ஓடுகிற பஸ்ஸில் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமாக இருக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒருவருக்கு வலிப்பு வந்தபோது ஆளாளுக்குச் சாவியைக் கையில் திணிக்கப் போனதை நேரில் பார்த்தேன். பின்சீட்டில் இருந்த நர்ஸ் ஒருவர் எழுந்து வந்து, சாவியை வாங்கி வைத்துவிட்டு, தலைக்கடியில் சால்வையை வைத்து, வாயில் எதையும் திணிக்கவிடாமல், வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால்தான் அவசரம் என்று அவர் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு எளிய காரியம்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்ற பயமும் இனி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

நம் மக்களுக்கு ஓடிவந்து உதவும் மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் பக்கத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்துக் கூலித் தொழிலாளர்கள். வீட்டிலிருந்த தண்ணீரையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் போர்வையில்தான் அடிபட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சியும் ஒரு ஸ்ட்ரெச்சரும் கொடுக்காமல் இருப்பது நம் நிர்வாகத்தின் குறை, அதை உரக்கவே கேட்க வேண்டும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊர்ப் பெண்கள் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறார்கள்: ஒவ்வொரு குடியிருப்பிலும் ஐந்து பேருக்குக் கையால் செய்து பழகும் பயிற்சி, ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், ஃபாக்டரியில் ஒரு ஏஇடி. உங்கள் ஊரிலும் வையுங்கள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களோ 108-இல் வேலை செய்தவர்களோ இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலைக்கு வர முடியுமா என்று சொல்லுங்கள். சாப்பாடும் தங்க இடமும் எங்கள் பொறுப்பு.