எந்தத் துய்மா?

புதுச்சேரி துய்மா வீதிக்கு வருகிறவர்களில் பலர், அது நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மாவின் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. 1735இல் இங்கே ஆளுநராக வந்த பியேர் பெனுவா துய்மாவின் பெயர் அது. நவாபிடம் நாணயம் அச்சடிக்கும் உரிமை வாங்கியவர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைத் தொடங்கியபோது ஆளுநர் இவரே. அதற்கு முன் பூர்போன் தீவை ஆண்டார். அடிமைகளை வைத்துக் காப்பி பயிரிட்ட தீவு, இன்றைய ரெயூனியோன்.

வேதியியல் படித்தவர்களுக்கு இன்னொரு துய்மாவைத் தெரியும். நைட்ரஜனை அளக்க ஜான் பாப்டிஸ்ட் துய்மா கண்ட முறையைத்தான் உணவில் புரதம் எவ்வளவு என்று பார்க்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஈபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. பெயர் ஒன்று என்பதற்காக இவர்களையெல்லாம் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பெரியவர் நாவலாசிரியரின் தந்தைதான். தோமா அலெக்சாந்தர், 1762இல் இன்றைய ஹைட்டியில் பிறந்தவர். தகப்பன் பிரபு, தாய் மரி செசெத் துய்மா அடிமைப்பெண். ஊர் திரும்பக் கப்பல் செலவுக்குப் பணம் இல்லாத அந்தப் பிரபு, பெற்ற மகனையே அடகு வைத்தார். பிறகு மீட்டுப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டார். 1786இல் மகன் சாதாரணச் சிப்பாயாகச் சேரப் போனபோது, குலப்பெயரைக் கீழ்ப்படியில் இழுக்காதே என்றார். சரி என்று தாயின் பெயரான துய்மாவோடு படையில் சேர்ந்தார் மகன். ஏழே ஆண்டுகளில் தளபதி! 1797இல் கிளவுசன் பாலத்தை ஒற்றை ஆளாக மறித்து, ஆஸ்திரியக் குதிரைப்படையைத் தடுத்தார். எகிப்தில் நெப்போலியனோடு மனக்கசப்பு. திரும்பும் வழியில் இத்தாலியில் சிறைப்பட்டு, உடல் நொறுங்கி வந்தார். 1806இல் அவர் இறந்தபோது, பின்னாளில் நாவலாசிரியரான மகனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. விதவைக்கு ஓய்வூதியம் தர நெப்போலியனுக்கு மனம் வரவில்லை.

நாவலாசிரியரின் எச்சங்களை 2002இல், பிரான்சின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் நினைவிடமான பாந்தெயோனுக்குக் கொண்டுபோனார்கள். தந்தைக்குப் பாரிசில் இருந்த சிலையோ ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அழிந்தது. 2009இல் அதே சதுக்கத்தில் அவர் நினைவாக வைத்தது, அறுந்த விலங்கு ஒன்றை. அடிமைத்தனத்தை நினைவூட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் படை நடத்திய மனிதருக்குக் குதிரையும் வாளுமாக ஒரு சிலையைத் திருப்பி வைப்பதுதான் முறை.