எல்லாம் ஸ்ட்ரெஸ்தானாம்

சனிக்கிழமை மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அங்கிள் என் தலைச்சுற்றை நடிப்பு, வேலைக்கள்ளம் என்று சொன்னது வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். நான் படியில் குந்தியிருந்தது எல்லாருக்கும் நல்ல பகிடி. சரி, பகிடியை விடுவோம். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் என்னைக் கூடக் கடுப்பாக்கினார்கள். "ஒண்டுமில்லை பிள்ளை, எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்."

ஸ்ட்ரெஸால் தலைச்சுற்று கூடும். நான் மறுக்கவே இல்லை. மாத முடிவில் ஒபிஸில் கணக்கு முடிக்கும் வாரம் எனக்கு எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஸ்ட்ரெஸால் கூடுகிறது என்றால் ஒன்றுமில்லை என்று எப்படி ஆகும்?

எனக்குத் தொடங்கியது காதில். உள்காதில் இருக்கும் மிகச் சிறிய கல்சியம் துகள்கள் இடம்மாறி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டன. கட்டிலில் வலப்பக்கம் திரும்பினால் அறையே சுழலும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது, ஆனால் அந்த நேரத்துக்குள் சத்தியும் வந்து, செத்துவிடுவேன் என்றும் தோன்றிவிடும். ஈஎன்டி டொக்டர் என்னைச் சட்டென்று படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே சரித்துக் கண்ணைப் பார்த்தார். கண் தானாகத் துடித்தது. அதை நடிக்க முடியாது, அங்கிள்.

தலையைப் பக்கம் பக்கமாகத் திருப்பியே அதைச் சரிசெய்தார். சுழல்வது நின்றது. ஆனால் அப்புறம் கொழும்பு காலி வீதியில் நடந்தால் கால் மெத்தையில் புதைகிற மாதிரி ஒரு தள்ளாட்டம். 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றால், சுப்பர் மார்க்கெட் தட்டுகளுக்கு நடுவே போனால் இன்னும் மோசம். விடாமல் இருக்கும் இந்தத் தள்ளாட்டத்துக்கு பிபிபிடி (PPPD) என்று பெயர், மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும், 2017இல் காது, சமநிலை நோய்களை ஆராயும் பாரானி சங்கத்து நிபுணர்கள் இதற்கு வரையறை எழுதியிருக்கிறார்கள். ஸ்கானில் தெரியாது. தெரியாதென்றால் இல்லையா?

மூளைத்தண்டில் சமநிலைச் செய்திகள் வந்துசேரும் இடத்துக்கும், பயத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் சுற்றும்போது நெஞ்சு அடிக்கிறது, பயந்தால் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் ஓடும் பாதை இது. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "யோசிக்காதேங்கோ" என்கிறீர்கள்.

"அப்ப ஏன் மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரை தந்தவை?" என்று ஒருத்தர் கேட்பார், கேட்டும் விட்டார். மனச்சோர்வு இல்லாத பிபிபிடி நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள், அதனால் தந்தார்கள். மனச்சோர்வே இருந்தாலும்தான் என்ன, அது மட்டும் நோய் இல்லையா? எல்லாருக்கும் ஸ்ட்ரெஸ் இருக்கிறதாம். இருக்கட்டும், எல்லாருக்கும் காதும் இருக்கிறது. யோகா சொன்னவர்களுக்கு நன்றி, செய்யுங்கள்.

நான் செய்வது வேறு பயிற்சி. சுவரில் ஒட்டிய ஒரு எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மூளை பழகட்டும் என்று தலைச்சுற்றை ஒவ்வொரு நாளும் நானே வரவழைக்கிறேன். வேலைக்கள்ளம் உள்ளவள் செய்யும் காரியமா இது?

1861இல் பாரிசில் மெனியர் என்ற டொக்டர், இப்படியான தலைச்சுற்று மூளையில் இரத்தம் கட்டுவதால் மட்டும் இல்லை, உள்காதிலிருந்தும் வரலாம் என்று சொன்னார். வெள்ளவத்தைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லைப் போல. அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமைத்தார், "பிரசர்" என்று சொல்லிக்கொண்டு. ஒருவரும் அவருடைய காதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா என்றும் தெரியாது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது, போதும்.

இதே அங்கிளுக்கு பைபாஸ் செய்தபோது ஸ்ட்ரெஸும் ஒரு காரணம் என்று டொக்டர் சொன்னார். அன்றைக்கு "ஒண்டுமில்லை, எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்" என்று யாராவது சொன்னீர்களா? மாறிமாறிக் கஞ்சி கொண்டுபோனோம். நானும்தான் கொண்டுபோனேன், பஸ்ஸில், தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு. ஆம்பிளையின் நெஞ்சுக்கு ஸ்ட்ரெஸ் வந்தால் நோய், பொம்பிளையின் காதுக்கு வந்தால் நடிப்பு.

கொட்டாஞ்சேனைக் கலியாணத்துக்கு வருவேன். ஓரத்தில் ஒரு கதிரை வையுங்கள், அந்தச் சுழலும் கலர் லைட்டுக்குக் கீழே வேண்டாம், போட்டோவுக்குக் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்கவும் வேண்டாம்.