மார்த்தாண்டம் தேன் சுத்தமானதுதான், ஆனால் ஒரு வயது வரை வேண்டாம்

ஒருவர், ஆறு மாதக் குழந்தைக்கு ஏத்தங்காய்ப்பொடி (நேந்திர வாழைக்காய்ப்பொடி) கஞ்சியில் தேன் சேர்க்கலாம், கலப்படமில்லாத மார்த்தாண்டம் தேன் என்றால் பயமில்லை, காய்ச்சிவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தத் திருத்தம்.

ஏத்தங்காய்க் கஞ்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாராளமாகக் கொடுக்கலாம். தேனைத்தான் ஒரு வயது முடியும்வரை கொடுக்கக் கூடாது. இதற்கும் கலப்படத்துக்கும் தொடர்பில்லை. நம் ரப்பர் தோட்டத்துத் தேனீப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, மெலிந்த அழுகை, தலை நிற்காமல் தொங்குவது ஆகியவை அறிகுறிகள். பாட்டுலிசம் எனப்படும் இது அரிதான நோய்தான், ஆனால் மூச்சுத் தசைகள்வரை தளர்ந்துவிடக்கூடும். அடுப்பில் கொதிக்க வைப்பதால் அந்த வித்துகள் சாவதில்லை.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பாட்டுலிசம் பற்றிய தகவல் பக்கத்தில் ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டுப் பாருங்கள். இனிப்பு வேண்டுமென்றால் வேகவைத்து மசித்த ஏத்தன்பழமே போதும்.