மாரிசன் சாகவில்லை என்பவர்களுக்கு
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில் கிடைத்த 'தி டோர்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'எல்.ஏ. வுமன்' இசைத்தட்டைப் பற்றி எழுதப் போய், அதன் பாடகர் ஜிம் மாரிசன் சாகவே இல்லை என்கிற புரளியையும் சேர்த்து அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள். அது கிளம்பிய விதம் இதுதான்: 1971 ஜூலை 3, பாரிஸ், குளியல் தொட்டியில் சடலம். சந்தேகத்துக்கு இடமில்லை என்று டாக்டர் சொன்னதால் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. இதயச் செயலிழப்பு என்று எழுதி 7-ம் தேதி அடக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த மேனேஜர் பார்த்தது மூடிய பெட்டியை மட்டும். சாகிற வயசா, வெறும் 27 வேறு. புரளிக்கு இன்னும் என்ன வேண்டும்?

குடி அவரை அழித்தது நிஜம். போதையில் உளறியதெல்லாம் பாட்டாகிவிட்டது என்பது சுத்தப் பேத்தல். இந்த ஆல்பத்தின்போது தயாரிப்பாளர் விலகிப் போக, குழுவே தங்கள் ஆபீஸில் எட்டு ட்ராக்கில் (எட்டு ஒலித்தடம் உள்ள டேப்பில்) பதிவு செய்தது; எதிரொலிக்காக மாரிசன் பாத்ரூமில் நின்று பாடினார்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: அமெரிக்க முதல் பதிப்பின் அட்டை முனைகள் வட்டமாக வெட்டியிருக்கும். குழுவினர் நால்வர் படம் கண்ணாடித் தாளில், உள்ளுறை மஞ்சள். நம்மூர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் அந்தத் தாள் பசை விட்டு உரியும், தட்டும் வளைந்துபோகும். கண் மட்டத்தில் பிடித்து விளிம்பு நெளிகிறதா பாருங்கள். கீறல்கூடப் பரவாயில்லை, நெளிந்த தட்டு வேண்டாம் அண்ணே, ஊசி துள்ளும்.