அறுந்ததோ, அறுத்ததோ?

சல்லி மீனவர் ஒருத்தரின்ர வலைக்கு மேலால படகை ஏத்தினவர் மன்னிப்புக் கேட்டுப் போட்ட அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் பகிரப் போறீங்கள்? திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில நிண்டு, நெத்தி நிறையத் திருநீறோட, கைகூப்பி: "தவறுதலா வலை அறுந்துபோச்சு. ஆரின்ரயும் மனம் நொந்திருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ." கீழ வரிசையா "பெரிய மனசு அண்ணா".

அறுந்துபோச்சாம். வலை தானா அறுமோ? "அறுந்தது" எண்டால் ஆள் தேவையில்லை, "அறுத்தன்" எண்டால் ஆள் வேணும். உடைஞ்சது, கிழிஞ்சது, துலைஞ்சது எண்டு நழுவ எங்கட தமிழில நல்ல வசதி இருக்கு. அதென்ன "நொந்திருந்தால்"? சல்லிக் கரைக்குப் போய் அந்த வலைக்கார மனிசனைப் பார்த்தால் நொந்ததோ இல்லையோ எண்டு தெரியும்.

வலை தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். படகு எஞ்சின் விசிறி வலையில ஏறினால் ஒரு ஓட்டையோட நிக்காது. மேல்கயிறு அறும், மிதவை போகும், ஈயக்கயிறு மிச்ச வலையை அடிக்கு இழுக்கும். பொத்துறதெண்டால் முதல்ல கிழிசலை இன்னும் பெருசாக்க வேணும். பிஞ்ச நூல் எல்லாத்தையும் வெட்டிவிட வேணும். தொடங்கிற முடிச்சிலயும் முடிக்கிற முடிச்சிலயும் மூண்டு கால், அதாவது முடிச்சில இருந்து போற நூல், மிஞ்சவேணும், சுத்திவர மற்ற முடிச்செல்லாம் இரண்டு கால். நூல் அதே தடிப்பு, வலைக்கண் அதே அளவு. கண் சின்னனாப்போனால் அந்த இடம் சுருங்கி இழுபடும், அடுத்தமுறை அதுக்குப் பக்கத்திலதான் கிழியும். பிஞ்சதை வெட்டாமல் மேலால முடிஞ்சுவிடுறது பொத்தல் இல்லை, சிக்கு.

அந்த வீடியோவும் சிக்குத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில, ஏறினது தெரிஞ்சும் ஏன் நிப்பாட்டாமல் போனனீர்? அதில ஒரு சொல்லும் இல்லை.

"கடவுளிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு, பிறகென்ன?" தௌபாவுக்கு, அதுதான் இறைவனிட்டப் பாவமன்னிப்புக் கேக்கிறதுக்கு, என்ன நிபந்தனை எண்டு பக்கத்து முஸ்லிம் ஆக்களைக் கேளுங்கோ: பாவத்தை விடவேணும், வருந்தவேணும், இனிச் செய்யேன் எண்டு உறுதி எடுக்கவேணும். மனிசருக்குச் செய்த பிழையெண்டால் நாலாவது ஒண்டும் இருக்கு, அவரின்ர உரிமையைத் திருப்பிக் குடுக்கவேணும். கத்தோலிக்கரும் களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்காமல் பாவசங்கீர்த்தனத்தோட மட்டும் தப்ப ஏலாது. நாங்கள்தான் ஒரு தேங்காயோட கணக்கு முடிக்கப் பாக்கிறம். கோணேசரின்ர வலையையோ அறுத்தனீர்?

வலைக்காரன்தான் வலை கிடக்கிறது தெரிய விளக்குக் கட்டேல்லையாம். சரி, அது பிழைதான்.

"அவனும் ஏழைதானே" எண்டு உள்பெட்டியில வந்தவைக்கு: நட்டக் காசை ஆர் ஒரேயடியாக் கேட்டது? கிழமைக்குக் கிழமை குடுக்கலாம். வலை ஊசி பிடிக்கத் தெரிஞ்ச கை, போய்ப் பக்கத்தில இருந்து பொத்தலாம். மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில இருந்தே இருக்கு. சட்டத்தரணி தேவையில்லை, தீர்ப்பைத் திணிக்கவும் மாட்டினம், மூண்டு மத்தியஸ்தர்மார் ரெண்டு பக்கத்தையும் இருத்திக் கதைப்பினம். திருக்கடலூரில ஒரு சம்மாட்டி, படகும் வலையும் வைச்சு ஆக்களை வேலைக்கு விடுறவர், தன்ர பெடியள் இன்னொருத்தன்ர வலையைக் கெடுத்ததுக்கு, அது பொத்தி முடியுமட்டும் தன்ர வலையைக் குடுத்துவிட்டவர். நட்டம் வலை மட்டுமில்லை, கடலுக்குப் போகாத நாளும் நட்டம் எண்டு அந்தாளுக்குத் தெரியும். ஆரும் வீடியோ எடுக்கேல்லை.

இப்ப என்னெண்டால், மன்னிக்காத மனிசனுக்குத்தான் "கல்நெஞ்சு" எண்டு பேர். செய்தவன் மூண்டு நிமிசத்தில முடிச்சிட்டான், பட்டவன் மட்டும் ஏன் இழுக்கிறான் எண்டு எல்லாருக்கும் எரிச்சல்.

இந்த எரிச்சல் எங்களுக்குப் புதுசோ? போருக்குள்ள திரும்பி வராத ஆக்களைத் தேடவெண்டு 2016இல வந்த சட்டத்தில அலுவலகத்துக்கு வைச்ச பேர் "காணாமற்போன ஆட்கள்". போனவையாம், தாங்களாவே எழும்பி. தாய்மார் அதை ஏற்கேல்லை. "காணாமல் ஆக்கப்பட்டோர்" எண்டுதான் பதாகையில எழுதிப் பிடிச்சவை. எங்கட திருகோணமலையிலயும் தெருவில இருந்தவை. 2018இல இழப்பீட்டு அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. காசு வேண்டாம், என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ எண்டு எத்தனை தாய்மார் சொன்னவை! "ஆக்கப்பட்ட" எண்ட சொல்லிலயும் ஆக்கினவன் இல்லை, கவனிச்சனீங்களோ?

வலைக்கும் அதுக்கும் முடிச்சுப் போடுறாள் எண்டு திட்டுவீங்கள். திட்டுங்கோ. வலை இப்பவும் வாடியடியில, கரையில இருக்கிற மீனவர் கொட்டிலடியில, விரிச்சபடி கிடக்கு. மேல்கயிறு மட்டும் மாத்தியிருக்கு, அதுவும் கடனுக்கு.