அந்த டிரம்களை அள்ளச் சொன்னவர்களுக்கு

வியாழக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்தது உண்மைதானா என்று நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டீர்கள். உண்மைதான். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், நாங்கள் காய்த்தோலை மக்கவைத்து உரமாக்குகிற டிரம்களைச் சங்கத்தார் ஆள் வைத்துக் கவிழ்த்து, குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் இரண்டு டிரம்மில் சலிக்கிற பதத்துக்கு வந்துவிட்ட உரம் இருந்தது. கறுப்பாக, உதிரி உதிரியாக, கையில் அள்ளினால் மண்வாசனை வரும். அதைக் கொண்டுபோய் டயப்பரும் தெர்மாகோலும் கிடக்கிற வண்டியில் கொட்டியிருக்கிறார்கள்.

காரணம் கேட்டால், நாற்றமாம்.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்: நாறுவது கலந்த குப்பை. சாம்பாரையும் காய்த்தோலையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வைத்தால் நாறத்தான் செய்யும். அதே காய்த்தோலைத் துளை போட்ட டிரம்மில் போட்டு, மேலே காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ தூவி, அவ்வப்போது கிளறிவிட்டால் நாறாது. காற்று கிடைக்கிற நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று செரிக்கும். நல்ல குவியலாக இருந்தால் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும், கிளறும்போது ஆவி பறக்கும். ஈரம் கூடிப்போனால் கொஞ்சம் வாடை வரும், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு கை சருகு போட்டால் அடங்கிவிடும். இதைக் கூட்டத்தில் சொன்னேன், குழுவில் எழுதினேன், டிரம் பக்கத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். படித்தவர்கள்தானே எல்லோரும்?

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஆயா வீட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. சாணி, வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், காய்த்தோல் எல்லாம் அதில்தான் போகும். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் குழியை வெட்டி வண்டியில் ஏற்றுவார்கள். தெருவில் யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதாக நினைவில்லை. எவன் குழியில் எரு அதிகம் என்றுதான் பேச்சு. ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. விழிப்புணர்வுக் கூட்டம் எதிலும் உட்கார்ந்ததில்லை.

“வரி கட்டுகிறோம், குப்பை மாநகராட்சி வேலை” என்கிறார் ஒருவர். சரி. மாநகராட்சி எங்கே கொண்டுபோகிறது? பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குச் சென்னையின் குப்பை, நம் குப்பை, எத்தனை வருஷமாகப் போயிருக்கிறது! 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது, இதே வேளச்சேரியில் இதே ஆட்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழுவில் புலம்பவில்லையா? மேட்டுக்குள் புதைந்த ஈரக்குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடுகிறது. அதில் தீ பிடித்தால் லேசில் அணையாது. எரியாவிட்டாலும், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற வாயு அது. பெருங்குடிக் கிடங்குக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. மறு வருஷம் மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்ததும் அதே கதை. பிரித்துத் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டன. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

“நம் ஒரு குடியிருப்பு செய்து என்ன ஆகிவிடும்” என்பவர்கள் கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். குப்பை கொட்டிய இடத்துக்காரர்கள் இனி இங்கே கொட்டாதே என்று எதிர்த்து நின்ற பிறகுதான், அந்த ஊர் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு மக்கவைக்கத் தொடங்கியது. எலி வரும் என்பதற்கு: மீன், கறி, மீந்த சோறு எதையும் நாங்கள் போடவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு வலிப்பது டிரம் போனதுகூட இல்லை. காலையில் குப்பை எடுக்க வருகிற அக்காவை இவர்கள் ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறார்களா? போன மாதம் மூன்றாம் மாடிப் பை ஒன்றை அவிழ்த்தார். ஊசிப்போன கூட்டு, நாப்கின், நடுவில் உடைந்த பல்பு. கையுறை கிழிந்திருந்தது. விரலில் கண்ணாடி ஏறி, ரத்தத்தைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தார். “கண்ணாடியைத் தனியாக் குடுக்கச் சொல்லும்மா” என்றார், அவ்வளவுதான். அந்தப் பை யார் வீட்டுப் பை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு கூட்டம் போட்டீர்களா? உங்கள் வீட்டு அழுக்கை நீங்கள் தொட்டால் அசிங்கம், அவர் தொட்டால் அது அவர் வேலை, இல்லையா? எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“நீங்கள் மட்டும்தான் நல்லவரா” என்று கீழே எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். எங்களோடு நான்கு வீட்டுக்காரர்கள் தினமும் தோலைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களுடைய உழைப்பும்தான் அந்த வண்டியில் போனது.

ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். டிரம்களை எடுக்கச் சொன்னது யார், எந்தத் தீர்மானத்தின் பேரில் என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்வேன். டிரம்களை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். சருகு என் செலவு. கிளறுவது நாங்கள் ஐந்து வீடு.