செசமி ஸ்ட்ரீட்டுக்கு முன்பே இருந்தது

கோபி அண்ணா, குழந்தைகளுக்கான கல்வி டிவி நிகழ்ச்சியை உலகில் முதலில் தொடங்கியது அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட்தான், 1975இல் அது ‘சைட்’ திட்டம் வழியாக நம் கோயமுத்தூர் ஜில்லா கிராமங்களுக்கும் வந்தது என்று சொன்னீர்கள். அதில் பாதிதான் சரிங்க. சின்னக் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சியை உலகில் முதலில் தொடங்கியது 1969இல் வந்த செசமி ஸ்ட்ரீட் இல்லை. அமெரிக்காவிலேயே 1952இல் ‘டிங் டாங் ஸ்கூல்’ வந்துவிட்டது. பிரான்சஸ் ஹார்விச் என்ற ஆசிரியை கேமராவைப் பார்த்துக் குழந்தைகளிடம் நேராகப் பேசுவார். பிபிசியின் ‘ஆண்டி பாண்டி’ அதற்கும் முன்னால், 1950இல்.

செசமி ஸ்ட்ரீட்டின் புதுமை வேறு. அதை உருவாக்கிய ஜோன் கான்ஸ் கூனியின் குழுவினர் ஒளிபரப்புக்கு முன்பே நிகழ்ச்சியின் துண்டுகளைக் குழந்தைகளிடம் போட்டுப் பார்த்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் ஏழரை விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கண் அடிக்கடி போனால் அந்தத் துண்டைத் திருத்த வேண்டும். இப்படி ஒரு கறார் அதுவரை கிடையாது.

அப்புறம், 1975இன் செயற்கைக்கோள் டிவி ‘சைட்’ திட்டம் நம் கோயமுத்தூர் ஜில்லா கிராமங்களுக்கு வந்தது என்பதும் தவறு. ஆந்திரா, கர்நாடகா உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. அதில் வந்ததும் செசமி ஸ்ட்ரீட் அல்ல, இங்கேயே தயாரித்த நிகழ்ச்சிகள்.